கண்டதும் சொல்லாது விட்டதும்: ரிஹ்லா இலக்கியத்தை முன்வைத்து

ஒவ்வோர் ஆண்டும் ஹாஜிகள் ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழிந்ததும், இரண்டு மூன்று ஹஜ் பயண நூல்களேனும் அணிந்துரை வேண்டி என்னிடம் வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. எழுதியவர்கள் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள், வணிகர்கள், மருத்துவர்கள். சில வேளைகளில் என்னிடம் ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம்கள். அவர்களுடைய நிய்யத்தில் எனக்கு ஐயமில்லை. நூல்களையும் நான் முழுமையாகவே படிக்கிறேன். ஆனால் படித்து முடித்தபின், எந்த நூலை எவர் எழுதினார் என்று கேட்டால் என்னால் விடை சொல்ல இயலுவதில்லை. உறவினர் வீடுகளுக்குச் சென்று பயணம் சொல்லுதல், விமான நிலையத்தில் இஹ்ராம், கஃபாவை முதன்முதலாகக் கண்ட கணத்தில் பெருகிய கண்ணீர், தவாஃபின் ஒவ்வொரு சுற்றுக்குமான துஆக்கள், மினா, அரஃபா, முஸ்தலிஃபா ஆகிய இடங்களின் சட்டங்கள், மதீனாவில் ஸலாம், இறுதியாகப் பேரீச்சம்பழமும் ஜம்ஜமும். அட்டையை மாற்றிவிட்டால் ஒரு நூலின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிடலாம்.

கண்ணீர் பொய்யன்று. அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் இவ்வகை விமர்சனம் உடனே இறைநேசத்தின் மீதான விமர்சனமாகத் திரிக்கப்படுகிறது. கண்ணீர் எல்லோருக்கும் வருகிறது. எல்லோருக்கும் வருவதை எழுதுவதற்கு ஒரு தனி நூல் வேண்டுமா என்பதே வினா. கிரியைகளின் சட்டங்களுக்கு ஃபிக்ஹு நூல்கள் இருக்கின்றன. துஆக்களுக்குச் சட்டைப் பையில் அடங்கும் கையேடுகள் இருக்கின்றன. பயண நூல் என்ற பெயரில் வருவது இவ்விரண்டையும் சேர்த்துத் தைத்ததாக இருக்குமானால், அதில் பயணி எங்கே?

இதற்கு ஒரு புறக் காரணமும் உண்டு. மும்பையிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற ஹஜ்ஜுக் கப்பல்கள் 1995ஆம் ஆண்டோடு நின்றுபோயின. கப்பலில் சென்ற தலைமுறைக்குப் பயணம் என்பது நாள் கணக்கில் நீண்ட ஒரு வாழ்க்கை. பக்கத்துப் படுக்கைக்காரரின் இருமல், குடிதண்ணீருக்கான வரிசை, கடலில் இறக்கப்பட்ட ஜனாஸா என எல்லாம் அதற்குள் இருந்தன. இன்று சென்னையில் விமானம் ஏறினால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் ஜித்தா. இடைவழி மறைந்துவிட்டது. இடைவழி மறைந்ததும் எழுதுவதற்குக் கிரியைகள் மட்டுமே எஞ்சியிருப்பதாக நம் எழுத்தாளர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் இதை முழுக் காரணமாக நான் ஏற்பதில்லை. குறை வாகனத்தில் இருப்பதைவிட, எழுதுபவர் தம்மை எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார் என்பதில்தான் அதிகம் இருக்கிறது. இதை விளக்க, நமக்கு உரிமையான ஒரு பழைய இலக்கிய வகையிடம் செல்ல வேண்டும்.

அரபு மொழியில் ரிஹ்லா என்னும் பயண இலக்கியத்துக்குத் திட்டமான உருவம் தந்தவராக இப்னு ஜுபைர் கருதப்படுகிறார். ஹிஜ்ரி 540இல் (கி.பி. 1145) அந்தலூஸின் வலன்சியாவில் பிறந்தவர், கிரனடாவின் முவஹ்ஹித் ஆளுநரிடம் எழுத்தராகப் பணியாற்றியவர். 1183ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, சப்தா துறைமுகத்தில் ஜெனோவா நாட்டுக் கிறிஸ்தவர்களின் கப்பலில் ஏறினார். அவருடைய நூல் தொடங்கும் விதத்தை மாணவர்களுக்கு நான் ஒவ்வோர் ஆண்டும் சுட்டிக்காட்டுவேன். இன்ன கிழமை, இன்ன தேதி, கடலின் மீது, இன்ன மலைக்கு எதிரே இதை எழுதத் தொடங்கினேன் என்று அது ஆரம்பிக்கிறது. ஷவ்வால் மாதம் முப்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. மலை, கிரனடாவின் பனிமலை. ஊர் திரும்பிச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து நினைவைத் தோண்டி எடுத்த எழுத்தன்று அது. ஒரு சாட்சி நீதிமன்றத்தில் முதலில் தன் பெயரையும் தான் நின்ற இடத்தையும் நேரத்தையும் சொல்வதைப்போல அது தொடங்குகிறது.

சாட்சி என்ற சொல்லை நான் அலங்காரத்துக்காகப் பயன்படுத்தவில்லை. ஹதீஸ் கலையில் ஊறிய ஒரு சமூகத்தில் ஒருவர் எதைத் தாமே கண்டார், எதைப் பிறர் சொல்லக் கேட்டார், சொன்னவர் நம்பத்தக்கவரா என்ற வினாக்கள் இயல்பாகவே பயண நூலுக்குள்ளும் புகுந்தன. இப்னு ஜுபைர் தாம் அளந்ததை அளந்தேன் என்கிறார். கேட்டதைக் கேட்டேன் என்கிறார். மக்காவில் எட்டு மாதங்களுக்கு மேல் தங்கிய அவர், ஹரமின் தூண்களையும் வாயில்களையும் கணக்கிடுவதில் காட்டும் பொறுமை சில வாசகர்களுக்குச் சலிப்பூட்டலாம். எனக்கு அப்பகுதி மிகவும் பிடிக்கும். உணர்ச்சி மேலிடும் இடத்தில் ஒரு மனிதர் நிதானமாக எண்ணத் தொடங்குவதில் ஓர் அதபு இருக்கிறது.

ஆனால் அந்நூலின் உயிர் மக்காவில் மட்டும் இல்லை. மக்காவை அடைவதற்கு முன்பு செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையில் இருந்த ஐதாப் என்ற துறைமுகத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள். எகிப்தின் கூஸ் நகரிலிருந்து பாலைவனத்தைக் கடந்து ஹாஜிகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அது பசுமையற்ற ஊர். தண்ணீர்கூட வெளியிலிருந்துதான் வர வேண்டும். அங்கிருந்து ஜித்தாவுக்குச் செல்லும் ஜில்பா என்னும் படகுகளில் ஆணி கிடையாது. தென்னை நாரைத் திரித்த கயிற்றால் பலகைகளைத் தைத்திருந்தார்கள். மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தது என்கிறார். கயிறு திரிக்கும் கடற்கரை ஊர்களில் வளர்ந்த நமக்கு இவ்வரிகள் சட்டென்று மனத்தைத் தொடும். எந்தத் தென்னையின் நாரோ, எந்தக் கரையின் கயிறோ, அது ஹாஜிகளைச் சுமந்திருக்கிறது.

அப்படகுகளின் உரிமையாளர்கள் முஸ்லிம்கள். ஒரே பயணத்தில் படகின் விலையைத் தேற்றிவிட வேண்டும் என்ற பேராசையில், கோழிக்கூட்டில் அடைப்பதைப்போல ஒருவர் மேல் ஒருவராக ஹாஜிகளைத் திணித்தார்கள். படகு எங்கள் பொறுப்பு, உயிர் ஹாஜிகளின் பொறுப்பு என்ற பொருளில் ஒரு பழமொழியே அவர்களிடையே வழங்கியது. இப்னு ஜுபைர் இதை மழுப்பவில்லை. இவ்வூர் வாளால் திருத்தப்பட வேண்டியது என்று கொதிக்கிறார். இயன்றவர்கள் இவ்வழியில் வரவே வேண்டாம், பக்தாது வழியாகச் செல்லுங்கள் என்று பின்வருவோரை எச்சரிக்கிறார். அலெக்சாந்திரியாவில் இறங்கியதுமே சுங்க அதிகாரிகள் ஹாஜிகளின் இடுப்பு வரை கைவிட்டுத் துழாவியதையும், வழிச்செலவுக்கு வைத்திருந்த சொற்பப் பணத்துக்குக்கூட ஜகாத் கேட்டு சத்தியம் வாங்கியதையும் முன்னரே எழுதியிருந்தார். ஸலாஹுத்தீன் அய்யூபியின் மீது அவருக்கிருந்த மதிப்பு அளவற்றது. சுல்தானுக்கு இச்செய்தி எட்டியிருக்காது என்று அவர் தமக்குத்தாமே ஆறுதல் சொல்லிக்கொள்கிறார். ஆறுதல் சொல்லிக்கொண்டாரே ஒழிய, செய்தியை மறைக்கவில்லை.

இதைவிடக் கடினமான ஓர் இடம் உண்டு. 1184ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் திமிஷ்கிலிருந்து சிலுவைப்போர்க்காரர்களின் வசமிருந்த அக்கா துறைமுகத்துக்குச் சென்றார். வழியில் திப்னீன் பகுதியின் கிராமங்களில் முஸ்லிம் உழவர்கள் பரங்கியரின் ஆட்சியில் வாழ்ந்தார்கள். விளைச்சலில் பாதி, தலைக்கு ஒரு தீனாரும் ஐந்து கீராத்தும், கனி மரங்களுக்குச் சிறு வரி. அதற்குமேல் தொல்லை இல்லை. வீடும் பொருளும் அவர்களுடையவை. அண்டையிலிருந்த முஸ்லிம் நிலப்பகுதிகளிலோ உழவர்கள் தம் சொந்த மார்க்கத்தவரான எசமானர்களின் அநீதியைப் பற்றி முறையிட்டார்கள். பகைவனின் நீதியைப் புகழவும் தம்மவரின் அநீதியை நோகவும் நேர்ந்ததை முஸ்லிம்களுக்கு நேர்ந்த சோதனைகளில் ஒன்றாக அவர் பதிவு செய்கிறார். அவர் பரங்கியரை நேசித்தவர் அல்லர். அவர்களைக் குறிப்பிடும்போதெல்லாம் சாபச் சொற்கள் வந்து விழுகின்றன. அக்காவில் விலங்கிடப்பட்ட முஸ்லிம் கைதிகளைக் கண்டு நெஞ்சுருகுகிறார். அப்படிப்பட்டவர் இந்த வரிகளை எழுதக் கை எவ்வளவு கூசியிருக்கும்! மூன்றே ஆண்டுகளில், 1187இல், அக்காவும் பைத்துல் முகத்தஸும் ஸலாஹுத்தீனின் கைக்கு வந்தன. வெற்றிக்குப்பின் அவ்வரிகளை நீக்கிவிட்டு ஒரு புகழ்நூலாக அதைச் செப்பனிட்டிருக்கலாம். வரிகள் இன்றும் இருக்கின்றன. அந்நிலப்பகுதியின் உழவர் வாழ்க்கையை ஆராயும் எவரும் அவற்றைத் தாண்டிச் செல்ல முடிவதில்லை.

நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் சரியே என்னும் கருத்தை அந்நிஸா அத்தியாயத்தில் ஓதுகிறோம். பயண எழுத்தின் இலக்கணத்தை நான் வேறெங்கும் தேடுவதில்லை.

இப்னு ஜுபைருக்கு ஏறத்தாழ இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 921இல், கலீஃபா முக்ததிரின் தூதுக்குழுவில் வோல்கா நதிக்கரைப் பல்கார் மன்னரிடம் அனுப்பப்பட்ட இப்னு ஃபள்லானையும் இங்கே நினைக்கலாம். கோட்டை கட்டுவதற்கென வாக்களிக்கப்பட்ட நாலாயிரம் தீனார் வந்து சேரவில்லை. பணமின்றிப் போய் நின்ற தூதரை மன்னர் கூசவைத்ததையும், இகாமத்தின் வாசகங்களை ஒருமுறை சொல்வதா இருமுறை சொல்வதா என்ற விவாதத்தில் தம்மை மடக்கியதையும் அவரே எழுதியிருக்கிறார். (ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் கலந்து வாழும் நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் இன்றும் இப்பகுதியைப் படித்துப் புன்னகைக்கலாம்.) இரவு மிகக் குறுகிய அந்நாட்டில், இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் இடையே இமை மூடினால் தொழுகை தவறிவிடுமோ என்று அஞ்சி ஒரு மாதமாக உறங்காத முஅத்தினை அவர் சந்தித்தார். அந்த முஅத்தினின் சிவந்த கண்களை அவர் வருணிக்கவில்லை. எனினும் எனக்கு அவை தெரிகின்றன.

இனி ஓர் ஆட்சேபத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். நூலின் படியைத் திருத்தித் தரும்போது, ‘இங்கே ஏதோ நடந்திருக்கிறது, அதை எழுதுங்கள்’ என்று நான் குறிப்பெழுதினால், பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: ‘அது புறம் பேசுவதாகாதா, ஹஜரத்? தன் குறையைத் தானே பறைசாற்றுவது கூடாதே?’ இது விலையுள்ள பதில்; தட்டிக்கழிக்க முடியாதது. அல்லாஹ் மறைத்த பாவத்தை அடியான் தானே அம்பலப்படுத்தலாகாது என்பது நாம் கற்றுக்கொடுக்கும் பாடம்.

இப்னு ஜுபைரின் பயணத்துக்குப் பின்னணியாக ஒரு கதை வழங்குகிறது. ஆளுநர் அவரை வற்புறுத்தி ஏழு கோப்பை மது அருந்தச் செய்தார். பிறகு வருந்தி அதே கோப்பையை ஏழுமுறை பொற்காசுகளால் நிரப்பிக் கொடுத்தார். அப்பணத்தைக் கொண்டு அவர் பாவப் பரிகாரமாக ஹஜ்ஜுக்குச் சென்றார் என்பது அக்கதை. பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் மக்கரியின் நஃப்ஹுத் தீபில் அது காணப்படுகிறது. இப்னு ஜுபைரின் சொந்த நூலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவருக்கும் அவருடைய ரப்புக்கும் இடையிலான விவகாரம் என்று அவர் மூடிவைத்திருக்கலாம். கதையே பிற்காலத்ததாகவும் இருக்கலாம். எப்படியாயினும் அந்த மௌனத்தால் நூல் குறைபடவில்லை.

இதற்கு நேர்மாறாகப் பாரசீக மொழியில் ஸஃபர் நாமா எழுதிய நாஸிர் குஸ்ரவ், ஒரு மாத காலம் தொடர்ந்து மது அருந்தியிருந்த நிலையில் தாம் கண்ட கனவிலிருந்தே நூலைத் தொடங்குகிறார். ஸல்ஜூக் அரசில் வருவாய் அலுவலராக இருந்தவர் அவர். கனவில் தோன்றியவர் கண்டித்துக் கிப்லாவின் திசையைக் காட்ட, பதவியைத் துறந்து ஏழாண்டுகள் பயணம் செய்தார். அவர் சார்ந்த இஸ்மாயீலிக் கொள்கையில் நமக்கு உடன்பாடில்லை. அவருடைய உரைநடையின் நேர்மையில் எனக்கு மறுப்பும் இல்லை. 1051இல் பஸராவை அடைந்தபோது அவரும் அவருடைய சகோதரரும் கந்தலுடுத்து, அழுக்கேறி, பித்தர்களைப்போல் இருந்தார்கள். புத்தகங்கள் வைத்திருந்த சிறு பையை விற்று, கிடைத்த சில திர்ஹம்களைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு ஹம்மாமுக்குச் சென்றார்கள். குளியலறைக்காரன் உள்ளே விடவில்லை. வாயிலில் விளையாடிய சிறுவர்கள் பைத்தியக்காரர்கள் என்று கூவிக் கல்லெறிந்தார்கள். பிறகு ஒரு பெரிய மனிதரின் உதவியால் நல்லாடை உடுத்து அதே ஹம்மாமுக்குச் சென்றபோது, அதே பணியாளர்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள். அந்தக் குளியலறைக்காரனை அவர் ஏசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நடந்ததைச் சொல்கிறார், அவ்வளவே.

ஆகவே மறைத்தல், வெளிப்படுத்தல் என்ற இரண்டில் எது சிறந்தது என்று பொதுவாகத் தீர்ப்பளிக்க நான் துணியமாட்டேன். இறைவனுக்கும் அடியானுக்கும் இடைப்பட்ட பாவத்தை ஒருவர் மூடிவைக்கலாம். ஆனால் மனிதர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி அவ்வகையைச் சேர்ந்ததன்று. இமாம் நவவி (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சூழல்களை எடுத்துரைக்கிறார். அநீதிக்குள்ளானவர் முறையிடுவதும், தீங்கிலிருந்து முஸ்லிம்களை எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். ஐதாபின் படகோட்டிகளைப் பற்றி இப்னு ஜுபைர் எழுதியது புறம் பேசுதலா? அதை எழுதாமல் விட்டிருந்தால் அடுத்த ஆண்டு அந்தக் கூட்டுக்குள் அடைபடப்போகும் ஹாஜிக்கு அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? நம் பயண நூல்களில் இடைத்தரகர்களும் முகவர்களும் கூட்டத் தலைவர்களும் எப்போதும் ‘சிறப்பான ஏற்பாடுகளை’ மட்டுமே செய்கிறார்கள். அவர்களுக்கு நூலின் இறுதிப் பக்கத்தில் நன்றியும் உண்டு. சில வேளைகளில் விளம்பரமும் உண்டு.

இப்னு பதூதாவைப் பற்றி இதுவரை பேசாமல் இருந்ததை வாசகர்கள் கவனித்திருக்கக்கூடும். ரிஹ்லா என்றதும் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் அது. 1304இல் தன்ஜாவில் பிறந்து, இருபத்தொரு வயதில் தனியாகப் புறப்பட்டு, கால் நூற்றாண்டுக்கும் மேலாக அலைந்தவர். சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல எழுதிச் செப்பனிட்டவர் இப்னு ஜுஸை. 1355இல் சொல்லி முடிக்கப்பட்டது. இங்கேதான் ஒரு சிக்கல். மக்கா, மதீனா, திமிஷ்கு முதலிய இடங்களின் வருணனைகளில் கணிசமான பகுதி இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டிவிட்டார்கள். அக்காலத்தில் இதை இன்றைய பொருளில் திருட்டென்று எவரும் கருதியிருக்கமாட்டார்கள். சிறந்த வருணனை முன்பே இருக்கும்போது புதிதாக ஏன் எழுத வேண்டும் என்று இப்னு ஜுஸை நினைத்திருக்கலாம். ஆனால் வாசகனின் உள்ளம் வேறுபாட்டை உணர்ந்துவிடுகிறது. பளிங்குபோல் வழுவழுப்பான அப்பக்கங்களில் இப்னு பதூதா என்ற மனிதர் இல்லை. தூனிஸில் கூட்டத்தினர் எல்லோரும் தத்தம் ஆட்களை ஆரத்தழுவ, தமக்கு ஸலாம் சொல்லவும் ஒருவருமின்றி அழுத இளைஞரை மறக்க முடியாதவர்கள், திமிஷ்குப் பள்ளிவாசலின் தூண்களுக்கிடையே அவரைத் தேடி ஏமாறுகிறார்கள். மிகப் புனிதமான, மிகவும் எழுதப்பட்ட இடங்களில்தான் அவர் மறைந்துபோகிறார். நம் ஹஜ் நூல்களுக்கு நேர்வதும் இதுவே.

அவர் மீண்டும் முழு உருவத்துடன் நம் முன் வருவது நம் மண்ணில் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, ஆதம் மலை ஏறி இறங்கி, கப்பல் உடைந்து, அவர் மஃபர் என்று குறிப்பிடும் தமிழகக் கரையில் ஒதுங்குகிறார். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை. இருவரும் மணந்தது மதுரை சுல்தானியத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹின் மகள்களை. உறவினர், விருந்தளிப்பவர், முஸ்லிம் மன்னர் என்று மௌனம் காப்பதற்கான காரணங்கள் அத்தனையும் இருந்தன. பின்பற்றி எழுத முன்னோடி நூல் ஒன்றுதான் இல்லை.

அவர் எழுதுவதைப் படிப்பது கடினம். சிறைபிடிக்கப்பட்ட இந்துக்கள் தாங்களே சுமந்து வந்த கழுமரங்களில் ஏற்றப்பட்டதையும், பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதையும் அவர் சொல்கிறார். வேறெந்த மன்னரும் செய்யக் கேட்டிராத கொடுமை இது என்றும், இதனாலேயே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்பளிக்கிறார். ஒருநாள் உணவுத் தட்டின் முன் சுல்தானும், வலப்புறம் காழியும், இடப்புறம் இவரும் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவன் மனைவியோடும் ஏழு வயது மகனோடும் கொண்டுவரப்படுகிறான். சுல்தான் கையசைக்கிறார். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எழுந்தபோது தலைகள் மண்ணில் கிடக்கின்றன.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்பதை அவர் எழுதாமல் விட்டிருக்கலாம். தாம் தடுத்துப் பேசியதாகவும் புனைந்திருக்கலாம். அவர் தடுக்கவில்லை. காழியும் தடுக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு அதே சுல்தானிடம் மாலத்தீவின் மீது படையெடுக்கும் யோசனையைச் சொன்னதும் இவர்தான். அதையும் கூச்சமின்றி எழுதிவைத்திருக்கிறார். இது அவருடைய குணத்துக்கு நற்சான்று ஆகாது. ஒரு மனிதர் கொடுமையைக் கண்டு அருவருத்தபின்னும் அக்கொடியவரோடு அமர்ந்து திட்டம் தீட்டக்கூடும் என்பதை அவர் நூலிலிருந்தே நாம் தெரிந்துகொள்கிறோம். பிறகு மதுரையில் கொள்ளைநோய். எட்டு வயது மகனுடன் ஒரு தாய் அவரிடம் உதவி கேட்டு வருகிறாள். முன்னாள் அமைச்சர் ஒருவரின் மனைவி. செலவுக்குக் கொடுத்து அனுப்புகிறார். இருவரும் நலமாகவே இருந்தார்கள். அடுத்த நாள் அதே தாய் வந்து மகனுக்குக் கஃபன் கேட்கிறாள். அந்த நோயைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பது மிகக் குறைவு. அந்தத் தாயை அறிந்திருக்கிறோம்.

இவ்வளவும் பிறருடைய நூல்களைப் பற்றி. விமர்சகன் தன் நூலைப் பற்றிப் பேசாதிருப்பது நல்ல மரபுதான். ஆயினும் இங்கே அது தப்பித்தலாகிவிடும்.

நான் ஹஜ்ஜுக்குச் சென்றது 2007இல். திரும்பியதும் நண்பர்களின் தூண்டுதலால் தொண்ணூற்றாறு பக்கத்தில் ஒரு பயண நூல் எழுதினேன். அதில் ஹஜருல் அஸ்வதை முத்தமிட்டது பற்றி நான்கு பக்கங்கள் உண்டு. படித்தவர்கள் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். நான் எழுதாதது இது: எங்கள் தெருவைச் சேர்ந்த எழுபது கடந்த பெரியவர் ஒருவரை அவருடைய மகன் என் பொறுப்பில் ஒப்படைத்திருந்தார். அன்றிரவு தவாஃபை முடித்தபின் பெரியவர் களைத்துப்போனார். அவரை ஒரு வாயிலின் அருகே உட்காரவைத்து, அரை மணியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, எங்கள் கூட்டத்து இளைஞர்களோடு கல்லை முத்தமிடச் சென்றேன். நெரிசலில் இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பிறரை இடித்துத் துன்புறுத்தி முத்தமிடுவது கூடாது, தூரத்திலிருந்து கையால் சைகை செய்தாலே போதும் என்று இருபது வயது முதல் பாடம் நடத்திவந்தவன் நான். எத்தனை பேரை இடித்தேன் என்பது எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது பெரியவர் அங்கே இல்லை. ஃபஜ்ரு வரை தேடினோம். மறுநாள் நண்பகலில் மலபார் இளைஞர் ஒருவர், கையில் கட்டியிருந்த வளையத்தின் முகவரியைப் பார்த்து, அவரைத் தங்குமிடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவருடைய பெயரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

நூல் வெளிவந்ததும் ஒரு படியைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேரனைப் படிக்கச்சொல்லி முழுவதையும் கேட்டிருக்கிறார். அடுத்த ஜும்ஆவில் பள்ளிவாசல் திண்ணையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

‘கிதாபு நல்லா இருக்கு, ஹஜரத். நானும் ஒங்க கூடத்தானே வந்தேன்?’

அவ்வளவுதான் கேட்டார். குறை சொல்லும் குரலில்கூட இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர்போல் கேட்டார். புறம் பேசலாகாது, பாவத்தைப் பறைசாற்றலாகாது என்ற சட்டங்கள் எவையும் அப்போது எனக்குத் துணைக்கு வரவில்லை. நான் மறைத்தது என் பாவத்தை மட்டுமன்று, ஒரு மனிதரை.

அவர் 2015இல் வஃபாத்தாகிவிட்டார். அந்நூலை மறுபதிப்புச் செய்ய ஒருவர் இப்போது கேட்டிருக்கிறார். அந்த இரவைப் பற்றிய பக்கங்களைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முத்தமிட்ட நான்கு பக்கங்கள் ஒரு பக்கமாகச் சுருங்கிவிட்டன. அதில் எனக்கு வருத்தமில்லை. உட்காரவைத்த வாயிலின் பெயரைப் பழைய குறிப்பேட்டிலிருந்து கண்டுபிடித்துவிட்டேன். பெரியவர் ஒரு கைத்தடி வைத்திருந்தார். அது மூங்கிலா, பிரம்பா என்று நினைவுக்கு வரவில்லை. மகனைப் பார்த்துக் கேட்க வேண்டும். அவரிடம் என்ன சொல்லிக் கேட்பது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.